பழைய பங்குப் பள்ளியின் ஓதச் சுவர்: சிமெண்டை உரித்துச் சுண்ணாம்பு பூசிய பதிவு

தரையிலிருந்து ஈரம் ஏறி ஓதம் பிடித்திருந்த தரைத்தள வகுப்பறையின் மேற்குச் சுவர், பழுதுபார்த்த பின் ஒரு வடகிழக்குப் பருவமழையைத் தாங்கிவிட்டது. தரையிலிருந்து 15 செ.மீ. உயரத்தில் துளையிட்டு எடுத்த செங்கல் தூளில் ஈரம் இப்போது எடையில் 5 விழுக்காட்டை ஒட்டி நிற்கிறது. வேலை தொடங்கும் முன் அதே உயரத்தில் 13 விழுக்காடு இருந்தது. பூச்சில் பொருக்கு எழவில்லை, உப்புப் பூக்கவில்லை. சிங்கப்பூரில் போருக்கு முந்தைய பள்ளிக் கட்டடங்களைப் பராமரிக்கும் பங்குகளுக்கு (ஒரு கோயிலைச் சேர்ந்த கத்தோலிக்கச் சமூகங்களுக்கு) உதவும் என்பதால், செய்ய வேண்டிய வரிசையில் இங்கே எழுதுகிறோம்.

கட்டடம் கோயிலின் பின்புறம் நிற்கும் இரண்டு மாடிப் பள்ளி. பதின்மூன்றரை அங்குலச் செங்கல் சுவர், மேலே மர உத்தரம், மார்செய் வகைக் களிமண் கூரை ஓடு, நீள முகப்புத் தாழ்வாரம். பள்ளி வேறு இடத்துக்குப் போய் வெகுகாலம் ஆகிறது. ஞாயிறு மறைக்கல்வி வகுப்பும் பங்குக் கூட்டங்களும் இப்போது அங்கே நடக்கின்றன. சரிசெய்த சுவர் 9 மீட்டர் நீளம், தரையிலிருந்து 1.5 மீட்டர் உயரம் வரை, ஆக 13.5 சதுர மீட்டர்.

சுத்தியலுக்கு முன் ஆவணம்

பங்குப் பள்ளிக் கட்டடம் ஒரே காலத்தில் கட்டியதாக இருப்பது அரிது. இங்கே அவை வளர்ந்த விதம் அப்படி. அருட்தந்தை பூரல் 1852இல் பள்ளி நடத்தும் துறவிகளான லசால் சபைச் சகோதரர்களை அழைத்துவந்தபோது, பிராஸ் பசாவில் இருந்த பழைய சிற்றாலயம்தான் அவர்களுக்கு வகுப்பறையானது. அவர்களுடைய பள்ளியான செயிண்ட் ஜோசப்ஸ் இன்ஸ்டிடியூஷனின் நடுக்கட்டடம் 1867இல் எழுந்தது. அதன் வளைந்த இரு சிறகுகளும் அருட்தந்தை நேன் வரைந்த படத்தின்படி 1903இல் சேர்ந்தன. போர்த்துகீசிய மிஷன் 1879இல் தொடங்கிய சிறு பள்ளியிலிருந்துதான் மிடில் ரோட்டின் செயிண்ட் அந்தோணிஸ் கான்வென்ட் வந்தது. 1894இல் வந்த கனோசியச் சகோதரிகள் அதை நடத்தினார்கள். அந்த வளாகம் இன்று தேசிய வடிவமைப்பு நிலையம். கத்தோலிக்க உயர்நிலைப் பள்ளி 1935இல் அருட்தந்தை பெஷராவின் முயற்சியால் குவீன் ஸ்திரீட்டில், புனித பேதுரு பவுல் ஆலயத்தை ஒட்டித் தொடங்கியது. முதலில் கோயிலின் ஓர் அறை, பிறகு தனிக் கட்டடம், பிள்ளைகள் கூடியதும் ஒரு சிறகு, போருக்குப் பின் இன்னொரு மாடி என்றுதான் இவை பெருகின. அதனால் ஒரே தாழ்வாரத்தை ஒட்டிய நான்கு அறைகளில் ஒன்று சுண்ணாம்புச் சாந்திலும் இன்னொன்று சிமெண்டிலும் கட்டியிருக்கலாம். எது எது என்று தெரியாமல் சாந்து கலக்கத் தொடங்கினால், ஓர் அறைக்குப் பொருந்துவது அடுத்த அறையைக் கெடுக்கும்.

ஆகவே முதல் வேலை காகித வேலை. தேசிய ஆவணக் காப்பகத்தில் 1884 முதலான கட்டட வரைபடங்கள் நுண்படத்தில் இருக்கின்றன. தெருப் பெயரை வைத்துத் தேடுங்கள், பள்ளியின் பெயரை வைத்துத் தேடாதீர்கள். பெரும்பாலான படங்கள் நிலத்தின் உரிமையாளர் பெயரிலோ பங்குத்தந்தை பெயரிலோ பதிவாகியிருக்கும். தேசிய நூலக வாரியத்தின் இணையச் செய்தித்தாள் தொகுப்பில் திறப்பு விழா, நிதி திரட்டும் சந்தை, பரிசளிப்பு விழா என்று தேடினால் புதிய சிறகு எந்த ஆண்டில் வந்தது என்பது பிடிபடும். பங்கு அலுவலகத்தின் கணக்குப் புத்தகங்களை விட்டுவிடக் கூடாது. இந்தச் சுவருக்குச் சிமெண்டு பூசிய காலம் தெரிந்தது அதிலிருந்துதான். சிமெண்டு மூட்டை வாங்கிய செலவு அங்கே பதிவாகியிருந்தது.

கட்டடம் பாதுகாப்புப் பட்டியலில் இருக்கிறதா என்பதையும் இந்தக் கட்டத்திலேயே பாருங்கள். தேசியச் சின்னமாக அறிவிக்கப்பட்டதென்றால் தேசிய மரபுடைமைக் கழகத்தின் இசைவு வேண்டும். பாதுகாக்கப்பட்ட கட்டடமென்றால் நகர மறுசீரமைப்பு ஆணையத்தின் வழிகாட்டியைப் படித்துவிட்டே கை வைக்க வேண்டும். இயன்றவரை பழையதை அப்படியே வைத்திருப்பது, பொருந்தும்படி மீட்பது, கவனமாகப் பழுதுபார்ப்பது என்பதுதான் அவர்கள் கொள்கை. சுண்ணாம்பு வேலைக்கு அது உகந்த கொள்கை.

சுவரே சொல்லும் வரலாறு

வரைபடம் சொல்லாததை வண்ண அடுக்குகள் சொல்லும். 10 மி.மீ. அகலக் கத்தியால் படிக்கட்டு போல ஒவ்வோர் அடுக்காகச் சுரண்டி, ஒவ்வொரு படியையும் அளவுகோலோடு படம் எடுத்தோம். அடியில் வெளிர் மஞ்சள் சுண்ணாம்பு வெள்ளை, பல கோட்டுகள், அதாவது பல முறை அடித்தது. அதற்கு மேல் நீலம் கலந்த வெள்ளை. அதற்கு மேல் 4 அடி உயரம் வரை மட்டும் கரும்பச்சை எண்ணெய்ப் பூச்சு. பிள்ளைகளின் காலணி அழுக்கும் கை அழுக்கும் தெரியாமலிருக்க பல பள்ளிகளிலும் அடித்த பட்டை அது. அதற்கும் மேலே அக்ரிலிக், குறைந்தது மூன்று நிறம்.

பச்சைப் பட்டையின் மேல் விளிம்புக்குக் கீழேதான் சுண்ணாம்புப் பூச்சை உரித்துவிட்டுச் சிமெண்டு பூசியிருந்தார்கள். ஓதம் 4 அடிக்கு மேல் ஏறியிருந்ததற்குக் காரணமும் அதுவே. தரையிலிருந்து உறிஞ்சிய நீர் பழைய சுண்ணாம்புப் பூச்சு வழியாகக் கீழேயே ஆவியாகிக்கொண்டிருந்தது. சிமெண்டும் எண்ணெய்ப் பூச்சும் அந்த வழியை அடைத்ததும், நீர் பட்டைக்கு மேலே ஏறி, அக்ரிலிக்கைக் கொப்புளமாகத் தூக்கியது. பட்டையின் மேல் விளிம்பில் கோடு போட்டதுபோல் உப்பு நின்றது.

வடக்கு முனையில் கரும்பலகை. மரத்தில் செய்ததல்ல, சுவரிலேயே சிமெண்டை வழுவழுப்பாக இழைத்துக் கறுப்பு அடித்தது, 12 அடிக்கு 4 அடி. நேர் மேலே சிலுவை மாட்டிய மரக்கட்டை இன்னும் செங்கலுக்குள் இருக்கிறது. தெற்கு முனையிலும் அதேபோல ஒரு கட்டையும், அக்ரிலிக்குக்கு அடியில் இன்னொரு கரும்பலகையின் விளிம்பும் கிடைத்தன. அப்படியானால் இந்த நீள அறை ஒரு காலத்தில் நடுவே தட்டி வைத்து இரண்டு வகுப்பாக ஓடியிருக்கிறது. தட்டியின் தடம் தரையிலும் இருந்தது. இரண்டு கரும்பலகைகளும் ஓத மட்டத்துக்கு மேலே இருப்பதால் அவற்றின் சிமெண்டை எடுக்கவில்லை. எடுக்கவும் கூடாது, பள்ளியின் கையெழுத்து அவை.

உதிர்ந்த ஒரு செங்கல்லைத் திருப்பிப் பாருங்கள். சூளையின் பெயர் குழியில் அழுத்தியிருந்தால் காலம் கணிக்க உதவும். அலெக்ஸாண்ட்ரா செங்கற்சூளை 1899இல் தொடங்கியது, ஆகவே அதன் செங்கல் இருக்கும் சுவர் அதற்கு முந்தையதாக இருக்க முடியாது. பழைய சுவரில் பிற்காலத்தில் ஒட்டுப்போட்ட செங்கல்லும் இருக்கும் என்பதால் ஓர் இடத்தில் மட்டும் பார்த்து முடிவு செய்ய வேண்டாம்.

ஈரம் எங்கிருந்து

இரண்டு ஊசி வைத்து அழுத்தும் ஈரமானியை நம்பி இங்கே முடிவெடுக்க முடியாது. உப்பு இருக்கும் சுவரில் அது காய்ந்த இடத்திலும் உச்ச அளவைக் காட்டும். துளையிட்டு எடை பார்ப்பதே சரியான வழி. 9 மி.மீ. துளைமுனை, குறைந்த வேகம். வேகமாகச் சுற்றினால் சூட்டிலேயே ஈரம் போய்விடும். 15, 45, 90, 150 செ.மீ. உயரங்களில், மேற்பூச்சின் தூளை ஒதுக்கிவிட்டு, 10 செ.மீ. ஆழம் வரை வரும் தூளைச் சிறு மூடிக் குப்பிகளில் உடனே அடைக்க வேண்டும். 0.01 கிராம் துல்லியமுள்ள தராசில் நிறுத்து, 105 பாகை செல்சியஸ் அடுப்பில் எடை குறையாத நிலை வரும்வரை உலர்த்தி, மறுபடி நிறுக்க வேண்டும்.

பிறகு இன்னொரு படி இருக்கிறது, பலர் அதை விட்டுவிடுகிறார்கள். உலர்ந்த அதே தூளை, அடியில் கரையாத உப்பு மிஞ்சும் அளவுக்குச் சமையல் உப்பைக் கரைத்த தண்ணீர் வைத்த மூடிய பெட்டியில் சில நாள் வைக்க வேண்டும். அந்தப் பெட்டிக்குள் காற்றின் ஈரப்பதம் 75 விழுக்காட்டிலேயே நிற்கும். தூள் மறுபடி எவ்வளவு எடை கூடுகிறதோ, அது உப்பு காற்றிலிருந்து இழுத்த ஈரம். முதல் அளவிலிருந்து அதைக் கழித்தால் மிச்சம் தரையிலிருந்து வந்தது. இந்தச் சுவரில் 15 செ.மீ. உயரத்தில் பெரும்பங்கு தரையிலிருந்து வந்தது. 90 செ.மீ.யில் பெரும்பங்கு உப்பு இழுத்தது. கீழே வடிகால் வேலை, மேலே உப்பு எடுக்கும் வேலை என்று இரண்டையும் பிரித்துக் காட்டியது இந்தச் சோதனைதான்.

உப்பின் வகையை நிறமாற்றத்தால் காட்டும் நிறக்குச்சிச் சோதனையில் சுவர் முழுக்க குளோரைடு தெரிந்தது. தென்முனையில் மட்டும் நைட்ரேட்டும் மிக அதிகம். பழைய வரைபடத்தை விரித்தபோது காரணம் கிடைத்தது: அந்தச் சுவருக்கு மறுபுறம் பையன்களின் கழிப்பறை இருந்திருக்கிறது. கழிப்பறை இடிந்து மறைந்தாலும் அதன் உப்பு செங்கல்லை விட்டுப் போகவில்லை. பள்ளிக் கட்டட வேலையை எடுக்கிறவர்கள் பழைய கழிப்பறை எங்கே இருந்தது என்பதைக் கட்டாயம் தேடுங்கள்.

தரை ஈரத்துக்கு மூன்று வழிகள் இருந்தன. வெளியே நடைபாதையை மேலே மேலே கான்கிரீட் போட்டு உயர்த்தியதில், வெளித்தரை உள்தரையைவிட 17 செ.மீ. மேலே வந்துவிட்டது. மழைநீர்க் குழாய் ஒன்று முழங்கை வளைவில் வெடித்துச் சுவர் அடியிலேயே கொட்டியது. உள்ளே பழைய களிமண் தரை ஓட்டின் மேல் சிமெண்டுத் தளமும் பீங்கான் ஓடும் போட்டு மூடியதில், தரை வழியாகப் போய்க்கொண்டிருந்த ஈரம் சுவருக்குத் திரும்பியது. சிங்கப்பூரில் ஆண்டுக்குச் சராசரியாக 2,100 மி.மீ.க்கு மேல் மழை பெய்கிறது. இந்த மூன்றையும் விட்டுவிட்டு எந்தப் பூச்சுப் பூசினாலும் பணம் வீண்.

வெளித்தரையைச் சுவரிலிருந்து 60 செ.மீ. அகலத்துக்கு வெட்டி 25 செ.மீ. இறக்கி, சரளை நிரப்பி, வடிகாலுக்குச் சரிவு கொடுத்தோம். குழாயை மாற்றினோம். உள்ளே சுவரோரமாக 20 செ.மீ. அகலத்துக்குப் பீங்கானையும் சிமெண்டுத் தளத்தையும் எடுத்துவிட்டுச் சுண்ணாம்புச் சாந்தில் களிமண் ஓடு பதித்தோம். இது மூன்றும் முடிந்து சில மாதம் சுவரைச் சும்மா விட வேண்டும். அவசரப்படாதீர்கள், இந்தக் காத்திருப்பில்தான் ஈரத்தின் பாதி இறங்குகிறது.

சிமெண்டை உரித்தல்

எண்ணெய்ப் பூச்சில் ஈயம் இருக்கும் என்று வைத்துக்கொண்டே வேலை செய்ய வேண்டும். உலர்ந்த நிலையில் தேய்க்கக் கூடாது, சூட்டுத் துப்பாக்கி கூடாது. நனைத்துச் சுரண்டி, பிளாஸ்டிக் விரிப்பில் சேர்த்துத் தனியாகக் கட்டி அகற்றினோம். முகக்கவசம் நுண்தூசியைத் தடுக்கும் பி100 வகை.

மின் உடைப்பானை எடுத்தால் சிமெண்டோடு செங்கல்லின் முகமும் வந்துவிடும். முகம் போன செங்கல் பஞ்சுபோல் நீர் குடிக்கும். முதலில் ஆழத்தைப் பூச்சின் கனத்துக்குள் கட்டுப்படுத்திய வைரத்தட்டால் 20 செ.மீ. கட்டங்களாக வெட்டிக்கொண்டோம். பிறகு 12 மி.மீ. உளியும் ஒரு கிலோவுக்கும் குறைந்த சுத்தியும். தட்டிப்பார்த்து ஓட்டை ஒலி கேட்கும் இடத்தில் தொடங்கி, ஒட்டியிருக்கும் இடத்துக்கு நகர்ந்தால் தகடாக வரும். செங்கல்லை விடாமல் பிடித்திருந்த சில திட்டுகளை அப்படியே விட்டோம். செங்கல்லைக் காப்பதுதான் நோக்கம், சிமெண்டை ஒழிப்பது அல்ல.

இணைப்புகளில் தூளாகிப்போன பழைய சாந்தை 20 மி.மீ. ஆழம் சுரண்டி, பன்றிமயிர்த் தூரிகையால் பெருக்கி, தூசி உறிஞ்சியால் எடுத்தோம். கம்பித் தூரிகை வேண்டாம், ஒடிந்த இழை துருப்பிடித்துப் பூச்சில் கறை போடும்.

உப்பை எடுத்தல்

காகிதக் கூழும் கயோலின் களிமண்ணும் அயனி நீக்கிய நீரில் பிசைந்து, 20 மி.மீ. கனத்தில் சுவரில் அப்பினோம். ஒட்டிக்கொண்டு சரியாமல் நிற்கும் பதம் வேண்டும். முதல் நாள் மட்டும் பிளாஸ்டிக் போட்டு மூடலாம், செங்கல்லுக்குள் உப்பு கரைய நேரம் கிடைக்கும். அதற்குப் பிறகு திறந்துவிட வேண்டும். கூழ் வெளிப்பக்கமாக உலர்ந்தால்தான் உப்பு வெளியே வரும். மூடியே வைத்த ஒரு திட்டில் உப்பு இன்னும் உள்ளே போனது. உலர்ந்து தானாகப் பிரியும்போது உரித்து, 10 கிராம் கூழை 100 மி.லி. அயனி நீக்கிய நீரில் ஊறவைத்து, மின்கடத்துதிறனை (உப்பு கூடினால் அது கூடும்) அளந்து குறித்துக்கொண்டோம். அடுத்தடுத்த அப்பலில் அளவு இறங்கி, ஒரு கட்டத்தில் இறங்காமல் நின்றது. அங்கே நிறுத்திக்கொள்ளலாம். உப்பு முழுதாக ஒருபோதும் வராது. கழிப்பறை முனையில் மற்ற இடத்தைவிட இரண்டு மடங்கு அப்பல் தேவைப்பட்டது.

எந்தச் சாந்து

பழைய பூச்சு உடையாமல் கிடைத்த இடத்தில் ஒரு துண்டு எடுத்து, நீர்த்த ஹைட்ரோகுளோரிக் அமிலத்தில் கரைத்து, மிச்ச மணலை வடிகட்டி உலர்த்தி நிறுத்தோம். கணக்குப்படி சுண்ணாம்பும் மணலும் ஏறக்குறைய சரிபாதி என்று வந்தது. நம்பமுடியாத அளவு அது. உருப்பெருக்கியில் பார்த்தால் சாந்தில் சிப்பித் துண்டுகளும் பவளத் துண்டுகளும் கிடந்தன. அவையும் அமிலத்தில் கரைந்து சுண்ணாம்புக் கணக்கில் சேர்ந்துவிடும். கடற்கரைப் பவளத்தைச் சுட்டுத்தான் அக்காலச் சிங்கப்பூரில் சுண்ணாம்பு எடுத்தார்கள். அமிலச் சோதனையை மட்டும் வைத்து விகிதம் முடிவு செய்தால் சுண்ணாம்பு கூடிப்போய்ப் பூச்சு வெடிக்கும்.

அதனால் மணலின் இடைவெளியை அளந்து விகிதம் பிடித்தோம். நன்றாக உலர்ந்த மணல் ஒரு லிட்டர் எடுத்து, அளந்த நீரை மெதுவாக ஊற்றி, மணலின் மேற்பரப்பைத் தொடும்வரை எவ்வளவு பிடிக்கிறது என்று பார்க்க வேண்டும். 330 மி.லி. பிடித்தால் சுண்ணாம்பு ஒன்றுக்கு மணல் மூன்று. கடையில் பூச்சு மணல் என்று மூட்டையில் வருவது மிக நைசாக இருந்தது. அதில் செய்த மாதிரிப் பூச்சு முழுக்க முடிபோல் மெல்லிய வெடிப்பு. 4.75 மி.மீ. முதல் 0.15 மி.மீ. வரை எல்லாச் சல்லடையிலும் கொஞ்சம் கொஞ்சம் நிற்கும் கரடான மணல் வேண்டும், உப்பில்லாமல் கழுவியதாகவும் இருக்க வேண்டும்.

சுண்ணாம்புக்கு நீற்றிய தூள் சுண்ணாம்பை நீரில் ஊறவைத்த கூழ். தூளை நீரில்தான் போட வேண்டும், நீரைத் தூளில் ஊற்றக் கூடாது. மேலே இரண்டு விரல் நீர் நிற்க, மூடிய வாளியில் மூன்று மாதமாவது கிடந்தால் கரண்டியில் ஒட்டி வழுக்கும் பதம் வரும்.

60 செ.மீ. சதுர மாதிரிகள் பூசிப் பார்த்ததில் தெரிந்தவை முக்கியமானவை. கூழும் மணலும் மட்டும் ஒன்றுக்கு மூன்று கலந்தது, மேலே அருமையாக இறுகியது, தரையை ஒட்டிய ஈரப்பகுதியில் நகம் பட்டால் உதிரும் நிலையிலேயே கிடந்தது. இறக்குமதி நீரிறுகு சுண்ணாம்பு (ஈரத்திலும் இறுகும் வகை), 3.5 தரம், ஒன்றுக்கு இரண்டரை: எங்கும் இறுகியது, ஆனால் விலை பல மடங்கு, இந்தப் பழைய செங்கல்லுக்குக் கொஞ்சம் கடினம். கூழ் ஒன்று, மணல் இரண்டரை, செங்கற்பொடி அரை என்று கலந்த சுர்க்கிச் சாந்து எல்லா உயரத்திலும் இறுகி, செங்கல்லைவிட மென்மையாகவும் நின்றது. அதையே எடுத்தோம்.

சுர்க்கியில் ஒரு நுணுக்கம். இன்றைய செங்கல் நன்றாக வெந்தது. அதன் பொடி வெறும் நிறம்தான், சுண்ணாம்போடு சேர்ந்து இறுகாது. இளவேக்காட்டுச் செங்கல் வேண்டும். இடித்த பழைய தடுப்புச் சுவரில் ஆரஞ்சு நிறத்தில், உடைத்தால் கையில் மாவாக ஒட்டுகிற செங்கற்களைப் பொறுக்கி இடித்து, 0.3 மி.மீ. சல்லடையில் சலித்தோம். எவ்வளவு நைசோ அவ்வளவு வேகம்.

கடுக்காயும் வெல்லமும் ஊறிய நீரில் கலந்த மாதிரியும் செய்தோம். இந்த ஊரில் அதற்கு வேரும் இருக்கிறது. 1873 வரை பிராஸ் பசா சிறையில் இருந்த இந்தியக் கைதிகள்தான் இங்கே பல அரசாங்கக் கட்டடங்களை எழுப்பிய கொத்தனார்கள். செயிண்ட் ஆண்ட்ரூஸ் பேராலயத்துக்கு அவர்கள் பூசிய சென்னைச் சுண்ணாம்பின் கலவையை அவர்களை மேற்பார்த்த மேஜர் மெக்நேர் குறித்துவைத்திருக்கிறார்: மணல் சேராத சிப்பிச் சுண்ணாம்பு, முட்டை வெள்ளைக்கரு, வெல்லம், தேங்காய் மட்டை ஊறிய நீர், கடைசியில் வழுவழுப்பான கல்லால் மெருகு. செட்டிநாட்டு வீடுகளின் பூச்சை அறிந்தவர்களுக்கு இது புதிதல்ல. தமிழ்க் கத்தோலிக்கர்களும் அந்தக் காலத்தவர்களே. அவர்களுக்கும் சீனர்களுக்கும் சேர்த்துப் புனித பேதுரு பவுல் ஆலயம் 1870இல் எழுந்தது. அவர்களுக்கென ஓஃபியர் ரோட்டில் லூர்து மாதா ஆலயம் 1888இல் எழுந்தது. நம்மவர் கைத்திறன் இந்த ஊர்ச் சுவர்களில் இருக்கிறது என்பது பெருமைக்குரியது, அதைச் சோதித்துப் பார்க்காமல் விட மனம் வரவில்லை.

சிராங்கூன் ரோட்டு மருந்துக் கடைகளில் கடுக்காய் கிடைக்கும். பூசும்போது சாந்து வெண்ணெயாக நகர்ந்தது, வெடிப்பே இல்லை. ஆனால் இறுக மிகவும் தாமதம், அதற்குள் கறுப்புப் பூஞ்சை புள்ளி புள்ளியாகப் பூத்தது. காற்றோட்டம் குறைந்த உட்சுவரில், இந்த ஊர் ஈரக்காற்றில், இனிப்பு பூஞ்சைக்குத் தீனி. வெயில் படும் வெளிச்சுவரில் இது நன்றாக வரலாம். ஓதம் குடித்த உட்சுவருக்கு வேண்டாம்.

பூசுதல்

முந்தின மாலையும் பூசும் காலையும் சுவரை நனைக்க வேண்டும், ஆனால் மேலே நீர் மினுங்கக் கூடாது. முதல் கோட்டு 5 மி.மீ., கரண்டியால் வீசி எறிந்தது. தடவிப் பூசுவதைவிட எறிந்த சாந்து நன்றாகப் பிடிக்கும். பள்ளமான இடங்களை உடைந்த செங்கல் சில்லும் சாந்தும் வைத்து நிரப்பினோம். ஒரே இடத்தில் கனமாகச் சாந்தை அப்பினால் தொங்கிவிடும். ஒரு வாரம் விட்டு இரண்டாவது கோட்டு 10 மி.மீ., மணியாசுக் கட்டையால் (மரத் தேய்ப்புப் பலகையால்) தேய்த்தது. இரும்புப் பலகை போட்டால் சுண்ணாம்பு மேலே ஏடாக வந்து, உள்ளே காற்று புகாமல் அடைக்கும். இன்னும் இறுகாத நிலையில் மறுநாளும் கட்டையால் ஒருமுறை அழுத்தித் தேய்த்தால் சுருங்கல் வெடிப்பு மூடிக்கொள்ளும். கடைசியாக நைசு மணலும் கூழும் சம அளவில் 3 மி.மீ.

அடி விளிம்பில் தரைக்கும் பூச்சுக்கும் நடுவே 10 மி.மீ. இடைவெளி விட்டோம். அதை மறைக்கும் மரப்பட்டை சுவரில் ஒட்டாமல், சிறு கட்டைகள் மேல் நிற்கிறது.

இறுகும் காலத்தில் ஈரக் கோணிச் சாக்கைச் சுவரிலிருந்து ஒரு சாண் தள்ளித் தொங்கவிட்டு, சன்னல் திறந்திருக்க வேண்டும். ஏர்கான் போடவே கூடாது. ஏர்கான் அறைக் காற்றின் ஈரத்தை உறிஞ்சி, சாந்து காற்றின் கரியமில வாயுவோடு சேர்ந்து கல்லாகும் முன்பே அதை வெறும் தூளாக உலர்த்திவிடும். எவ்வளவு ஆழம் இறுகியிருக்கிறது என்று பார்க்க, மூலையில் ஒரு சில்லு பெயர்த்து காரத்தை நிறத்தால் காட்டும் ஃபினால்ஃப்தலீன் சொட்டு விடலாம். இளஞ்சிவப்பானால் இன்னும் இறுகவில்லை, நிறமில்லாமல் இருந்தால் இறுகிவிட்டது. மாதத்துக்கு ஏறக்குறைய ஒரு மி.மீ. என்ற வேகத்தில்தான் உள்ளே போகும்.

வண்ணத்துக்குச் சுண்ணாம்பு வெள்ளையே, ஐந்து கோட்டு. கூழைப் பால் பதத்துக்குக் கரைத்து மெல்லிய துணியில் வடிகட்டி, அடியில் கண்ட வெளிர் மஞ்சளுக்காக இரும்பு ஆக்சைடு மஞ்சள் சேர்த்தோம். நிறப்பொடி சுண்ணாம்பின் எடையில் பத்தில் ஒன்றைத் தாண்டினால் கையில் ஒட்டும். ஒவ்வொரு கோட்டும் கண்ணாடிபோல் மெல்லியதாக, நனைத்த சுவரில், ஒருநாள் இடைவெளியில். அடிக்கும்போது வெளுப்பே தெரியாது, உலர்ந்த பின்தான் நிறம் வரும்.

செலவு, அடுத்த முறைக்கு

சுண்ணாம்பு 25 கிலோ மூட்டை மூன்றும், மணல் 20 கிலோ மூட்டை இருபத்தைந்தும் செலவாயின. களிமண், அயனி நீக்கிய நீர், கோணி, துளைமுனை, முகக்கவசம் எல்லாம் சேர்த்துச் சுவரின் சாமான் செலவு 900 வெள்ளிக்குள் அடங்கியது. வெளித்தரை, வடிகால், குழாய்க்கு 5,200 வெள்ளி. கொத்தனார் கூலி 6,400 வெள்ளி. கூலி கூடுதலாகத் தெரிவதற்குக் காரணம் காத்திருப்பு: கோட்டுக்குக் கோட்டு இடைவெளி வேண்டியிருப்பதால் ஆள் பலமுறை வரவேண்டும். இரண்டு சுவரை மாற்றி மாற்றிச் செய்தால் அது வெகுவாகக் குறையும்.

அடுத்து கிழக்குச் சுவர். அதற்கு உள்தரை ஓரத்தைச் சுவருக்கு முன்பே எடுத்துவிட வேண்டும். மேற்குச் சுவரில் அதைக் கடைசியில் செய்ததால் புதுத் துளை அளவுகளில் குழப்பம் வந்தது. பூச்சு வேலை பிப்ரவரியின் உலர்ந்த வாரங்களில் தொடங்க வேண்டும், அப்படியானால் கூழ் நவம்பரிலேயே வாளியில் இருக்க வேண்டும். மறைக்கல்விப் பிள்ளைகளின் நாற்காலிகள் உரசும் 80 செ.மீ. உயரத்தில் சுவரிலிருந்து 20 மி.மீ. தள்ளி ஒரு மரச்சட்டம் அடிக்க வேண்டும். எண்ணெய்ப் பட்டை வேண்டும் என்ற கோரிக்கை வரும்போது இந்தச் சட்டம்தான் பதில். அதற்குக் கீழே அழுக்குப் படியும் பகுதிக்கு ஆண்டுக்கு ஒருமுறை, ஜூன் விடுமுறையில், ஒரு கோட்டு வெள்ளை போதும். அதற்கான கூழ் ஐந்து லிட்டர், மூடிய வாளியில், மாடிப்படிக்கு அடியில் இருக்கிறது. மேலே நிற்கும் நீர் வற்றாமல் பார்த்துக்கொள்ள வேண்டும்.